ஒரு குறிப்பேடும் ஓர் ஏரியும்

உங்கள் பள்ளிக்குச் சில வாரங்கள் பயிற்சி ஆசிரியர்கள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பாடம் முடிந்ததும் ஒரு நோட்டில் ஏதோ எழுதுவார்களே, அது என்ன தெரியுமா? அன்று வகுப்பில் நடந்ததைக் குறித்து வைக்கும் ஏடு. இன்று கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நானும் பி.எட். படித்தபோது அப்படி ஓர் ஏடு எழுதியவன்தான். பயிற்சிக்குச் சென்ற இடம், பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவ கிராமத்துப் பள்ளி.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு. ஆரணியாறும் காளங்கியாறும் அதற்கு நன்னீர் தருகின்றன. முகத்துவாரம் வழியே கடல்நீர் உள்ளே வருகிறது. இரண்டும் கலந்த நீரில்தான் இறாலும் மீனும் வளர்கின்றன. மீன்பிடிக்கும் இடங்களை ஊர்கள் 'பாடு' என்னும் முறைப்படி முறைவைத்துப் பங்கிட்டுக் கொள்வது அங்குள்ள பழைய வழக்கம்.

ஒருநாள் 'அடர்த்தி' பாடம் நடத்தினேன். நன்னீரில் மூழ்கிய முட்டை உப்பு நீரில் மிதந்தது. வழக்கம்போல் ஏட்டில் "பாடம் நன்றாக நடந்தது" என்று எழுதிவிடலாம் என்றிருந்தேன். அப்போது கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். தேர்வில் நான்கு வரி எழுதவே திணறுபவன் அவன்.

"சார், மொகத்துவாரம் மணல் சேர்ந்து மூடிக்கிட்டா, ஏரியில உப்பு கூடுமா, கொறையுமா?"

எனக்கு விடை தெரியவில்லை. அவனுக்கோ அது வீட்டில் அடுப்பு எரியுமா என்ற கேள்வி!

அன்றிரவு அந்தக் கேள்வியை அப்படியே எழுதி, "எனக்குத் தெரியவில்லை" என்றும் எழுதினேன். ஏட்டைப் படித்த சக பயிற்சி மாணவர் ஒருவர் ஓரத்தில் குறித்தார்: "அவர்களையே அளக்கச் சொன்னால் என்ன?"

அளந்தோம். உறிஞ்சு குழலின் அடியைக் களிமண்ணால் அடைத்து மிதக்க விட்டால் அதுவே ஒரு திரவமானி. நன்னீரில் 16 செ.மீ. அமிழும் குழல், கடல்நீரில் ஏறத்தாழ 15.6 செ.மீ.தான் அமிழும். வேறுபாடு வெறும் 4 மி.மீ.! ஒரு குழு பல இடங்களின் நீரை அளந்தது. இன்னொரு குழு பெரியவர்களின் பேச்சை டேப்பில் பதிவு செய்தது. அந்த மாணவன் ஏரியின் படத்தை வரைந்தான். படகு தரைதட்டும் மணல் திட்டுகள் ஒவ்வொன்றும் அதில் இருந்தன. எங்கள் எண்கள் காட்டாததை அவன் படம் காட்டியது; படம் காட்டாத பழைய நாட்களைப் பெரியவர்களின் குரல் சொன்னது.

விடையும் கிடைத்தது. வாய் மூடியிருக்கும்போது மழை பெய்தால் ஆற்று நீர் தேங்கி உப்பு குறையும். கோடையில் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அப்போது உவர்ப்பு கடல்நீரையும் மிஞ்சலாம்.

இயற்பியலில் இதற்கொரு சிறந்த முன்மாதிரி உண்டு. மைக்கேல் பாரடே தம் ஆய்வுக் குறிப்பேட்டில் பத்திகளுக்கு எண்ணிட்டு, பதினாறாயிரத்துக்கும் மேல் எழுதினார். தோற்ற சோதனைகளையும் மறைக்கவில்லை. கணிதம் அதிகம் அறியாத அவர், காந்தப் புலத்தைக் கோடுகளாகக் கண்டார். அக்கருத்தைப் பின்னர் மாக்ஸ்வெல் சமன்பாடுகளாக்கினார். ஒரே உண்மைக்கு இரண்டு வடிவங்கள்!

அந்த மாணவனின் தேர்வு மதிப்பெண் உயரவில்லை. எழுத்தை மட்டுமே அளந்த தேர்வு அது. குறை அவனிடமா, அளவுகோலிலா? பயிற்சி முடிந்து ஏட்டைப் புரட்டியபோது, "நன்றாக நடந்தது" என்றிருந்த பக்கங்கள் எனக்கு எதையும் சொல்லவில்லை. "தெரியவில்லை" என்றிருந்த பக்கம் மட்டும் இன்றும் பேசுகிறது.

நீங்களும் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். உங்கள் ஊர்க் குளத்தை அளந்து எழுதுங்கள், வரையுங்கள், பெரியவர்களிடம் கேளுங்கள். பிறகு ஏட்டை நண்பரிடம் கொடுங்கள். ஓரத்தில் கேள்வி எழுத இடம் விட மறக்காதீர்கள்!