பிரிக்கும்போது கிழிக்காதீங்க!

பேரனுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டியாச்சு, பலூன் உடைச்சாச்சு, வந்தவர்களும் கிளம்பியாச்சு. கூடத்தின் நடுவே பரிசுப் பார்சல்கள் குவிந்து கிடக்கின்றன. பையன் ஒவ்வொன்றாக எடுத்துச் சரக் சரக்கென்று கிழிக்கிறான். ‘இருடா, இருடா’ என்று பாட்டி ஒன்றைப் பிடுங்குகிறார். செல்லோ டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பி, பொறுமையாக உரித்து, தாளை உள்ளங்கையால் நீவி, நாலாக மடித்துத் தன் மெத்தைக்கு அடியில் கொண்டுபோய் வைக்கிறார். மருமகளுக்கு ஒரே சங்கடம்.

‘‘விடுங்க அத்தை. அதைப் போய் எடுத்து வெச்சுக்கிட்டு... யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?’’

இந்த ‘என்ன நினைப்பாங்க’தான் விஷயமே! கிஃப்ட் பேப்பரை மறுபடி பயன்படுத்தினால் காசு மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும், ‘கஞ்சம்’ என்று ஒரு வார்த்தை காதில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில், குழந்தைக்கு ஒரு டிபன் பாக்ஸ் வாங்கினால்கூட அதைச் சுற்றப் புதுத் தாள், ரிப்பன், ஒட்டுப் பூ என்று தனியாக ஒரு பில் போட்டுக்கொள்கிறோம். அத்தனையும் கிழிந்து குப்பைக்குப் போக இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பூப்போட்ட பரிசுத் தாள் பிரபலமானதே ஒரு சமாளிப்பில்தான். 1917-ம் வருடம். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹால் சகோதரர்கள் நடத்திய கடையில் கிறிஸ்துமஸ் கூட்டம். பரிசு சுற்ற அப்போது எல்லோரும் வாங்கியது வெள்ளை, சிவப்பு, பச்சை நிற டிஷ்யூ தாள். அது தீர்ந்துபோய்விட்டது. கடிதக் கவரின் உள்பக்கம் ஒட்டுவதற்காகப் பிரான்ஸிலிருந்து வரவழைத்த அலங்காரத் தாள் கையிருப்பில் இருந்தது. ‘இதையாவது வைப்போம்’ என்று ஒரு ஷீட் 10 சென்ட் விலையில் வைத்தார்கள். கிடுகிடுவென்று விற்றுத் தீர்ந்தது. ஓரிரு வருடங்களில் அவர்களே அச்சடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதுதான் இன்றைய ஹால்மார்க் நிறுவனம்.

பாட்டியின் நகத்துக்கு வேலை வைத்தது இன்னொரு அமெரிக்கச் சரக்கு. 1930-ல் 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ, ஒளி ஊடுருவும் ஒட்டு டேப்பைக் கொண்டுவந்தார். அதற்கு முன் நூலும் அரக்கும்தான். நூலை அவிழ்த்தால் தாள் முழுசாக வந்துவிடும். டேப் ஒட்டினால் பிரிக்கப் பொறுமை இருக்காது, கிழிக்கத்தான் கை போகும். ஆகவே, சிக்கனம் தொடங்க வேண்டியது பரிசைப் பிரிக்கும் இடத்தில் அல்ல, சுற்றும் இடத்தில். டேப்பைக் குறைத்து நூலால் கட்டினால், வாங்குகிறவர் வீட்டிலும் அந்தத் தாள் இன்னொரு முறை உயிர் பிழைக்கும்.

கசக்கிப் பாருங்கள்

எல்லாத் தாளையும் எடுத்து வைக்க வேண்டியதில்லை. மூலையில் கொஞ்சம் உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்கிவிட்டுக் கையைத் திறந்து பாருங்கள். கசங்கியது கசங்கியபடியே இருந்தால் அது காகிதம். மெதுவாக விரிந்து பழைய நிலைக்கு வந்தால் பிளாஸ்டிக் கலந்தது. கண்ணாடி மாதிரி மின்னும் ஜிகினா ரகங்களில் பல, பிளாஸ்டிக் படலத்தின் மேல் மிக மெல்லிய அலுமினியம் பூசியவை. பழைய பேப்பர் கடைக்காரர் அதைத் தொட மாட்டார். கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் குப்பையோடு குப்பையாகக் கொளுத்தும்போது மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றத்தில் இதற்கும் பங்கு உண்டு. மினுமினுவென்று துகள் உதிரும் கிளிட்டர் தாளும் இதே கட்சிதான்.

இதில் ஒரு விசித்திரம், இந்த ஜிகினா தாள்தான் சுருக்கம் விழாமல் நாலைந்து முறை தாங்கும். ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். புதிதாக வாங்கும்போது மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

காகிதத் தாளில் டேப் பிடிவாதம் பிடித்தால், ஹேர் டிரையரைக் கொஞ்ச நேரம் காட்டினால் பசை இளகும். எவர்சில்வர் பாத்திரத்து ஸ்டிக்கருக்குத் தடவுவதுபோல இங்கே தேங்காய் எண்ணெயைத் தடவிவிடாதீர்கள், தாளில் கறை படிந்துவிடும். மடிப்புகளை நீக்க, தாளைக் குப்புறப் போட்டு, மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணி விரித்து, மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போடலாம். காகிதத்துக்கு மட்டும்தான் இந்த வைத்தியம். பிளாஸ்டிக் தாளை வைத்தால் அது உருகி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அடுத்த வெள்ளைச் சட்டைக்கு ஆபத்து.

இஸ்திரிக்கும் மசியாத சுருக்கமா? முழுத் தாளையும் பந்துபோலக் கசக்கி, விரித்து, நீவிவிடுங்கள். ஓர் இடத்தில் சுருக்கம் இருந்தால்தான் பழசு. தாள் முழுக்க இருந்தால் அதுவே டிசைன்!

மடித்து வைப்பதைவிடச் சுருட்டி வைப்பது நல்லது. பழைய காலண்டர் வந்த அட்டைக் குழாய் இருந்தால் அதற்குள் செருகிவிடலாம். பூச்சி வராமலிருக்க ஒரு வசம்புத் துண்டு போதும். ரசகற்பூர உருண்டை வேண்டாம். பொம்மையைப் பிரித்ததும் பீரோ வாசனை அடிக்கும்.

அளந்து வெட்டினால் பாதித் தாள் மிச்சம்

பரிசு சுற்றும்போது பலரும் செய்வது, ஒரு முழுத் தாளை விரித்து, நடுவில் பெட்டியை வைத்து, மிஞ்சியதை எல்லாம் உள்ளே மடித்துத் திணிப்பது. அளவெடுத்துப் பாருங்கள். பெட்டி 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றி வர 40 செ.மீ., ஒன்றின்மேல் ஒன்று ஏற 2 செ.மீ., ஆக 42. மறுபக்கத்துக்குப் பெட்டியின் நீளத்தோடு ஓர் உயரத்தைக் கூட்டி, அதே 2 செ.மீ. சேர்த்தால் 27. தாள் 50-க்கு 70 செ.மீ. இருந்தால், ஒரே தாளில் இப்படி இரண்டு பெட்டிகளைச் சுற்றிவிடலாம்.

பழைய தாளில் கிழிந்த ஓரத்தை நறுக்கிவிட்டால் இந்த 42 வராது, சதுரமாக ஒரு துண்டுதான் மிஞ்சும். அப்போது பெட்டியைக் குறுக்காக வையுங்கள். அதாவது, தாளின் மூலைகள் பெட்டியின் பக்கங்களைப் பார்க்கும்படி. நாலு மூலைகளையும் கவர் மடிப்பதுபோல நடுவுக்குக் கொண்டுவந்தால், சந்திக்கும் இடத்தில் ஒரே ஒரு ஒட்டு போதும். 20 செ.மீ. சதுரமும் 5 செ.மீ. உயரமும் உள்ள ஸ்வீட் பாக்ஸை நேராகச் சுற்ற 50 செ.மீ. நீளம் வேண்டும். குறுக்காக வைத்தால் 38 செ.மீ. சதுரத் துண்டே போதும்.

ஜூன் மாதம் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுத் தேர்ந்த அம்மாக்களுக்கு இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. அந்த பிரவுன் ஷீட்டில் மிஞ்சும் துண்டுகளே அருமையான பரிசுத் தாள். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, வாட்டர் கலரில் தொட்டுப் பிள்ளைகளை அச்சு குத்தச் சொன்னால் தாள் முழுக்கப் பூ பூக்கும். நட்பின் பிறந்தநாளுக்குப் பிள்ளையே அச்சடித்த தாள் என்றால், அங்கே ‘கஞ்சம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

மாதக் காலண்டரின் பின்பக்கம் கெட்டியாக, வெள்ளை வெளேரென்று இருக்கும். அதுவும் ஆகும். செய்தித்தாளின் ஞாயிறு இணைப்பு வண்ணப் பக்கங்களும் ஆகும். ஆனால், ஒரு எச்சரிக்கை! சுற்றுவதற்கு முன் பக்கத்தின் இரண்டு பக்கமும் படித்துவிடுங்கள். கல்யாணப் பரிசின் மேல் ‘கண்ணீர் அஞ்சலி’ விளம்பரம் வந்து உட்கார்ந்தால், அந்தச் சொந்தம் ஜென்மத்துக்கும் மறக்காது. வீட்டில் சுட்ட முறுக்கு, அதிரசம் கொடுப்பதாக இருந்தால் செய்தித்தாள் பலகாரத்தில் நேரடியாகப் படவே கூடாது. அச்சு மை உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது. டப்பாவில் போட்டு மூடிய பிறகு வெளியே சுற்றுங்கள்.

அலமாரியில் தூங்கும் கல்யாணப் பத்திரிகைகளையும் இங்கே எழுப்பலாம். பிள்ளையார் படமும் மஞ்சள் தடவிய மூலையுமாக இருப்பதால் தூக்கிப்போட மனசு வராமல்தானே அவற்றை அடுக்கி வைத்திருக்கிறோம்? அந்தப் படத்தையும் பூ வேலைப்பாட்டையும் நறுக்கி, ஓர் ஓட்டை போட்டு நூல் கோத்தால் பெயர் எழுதும் சீட்டு தயார். பத்திரிகை வந்த கெட்டிக் கவரை ஒட்டுப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டினால் மொய்க் கவர். ஒரு ரூபாய் நாணயத்தை மட்டும் மறக்காமல் ஒட்டிவிடுங்கள்.

மணமக்கள் பெயர் அச்சடித்த தாம்பூலப் பைகளும் அப்படித்தான். வெளியே எடுத்துப் போகக் கூச்சமாக இருக்கும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வாயை ரிப்பனால் கட்டிவிட்டால் துணிப் பரிசுப் பை. 2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. ஒரு காலத்தில் ‘மஞ்சப்பை’ என்றாலே பட்டிக்காடு என்று கேலி செய்தவர்கள், இன்று அதைப் பெருமையாகத் தோளில் மாட்டிக்கொள்கிறார்கள். ‘என்ன நினைப்பாங்க’ என்பது பத்து வருடத்தில் தலைகீழாக மாறக்கூடிய சமாசாரம்தான்.

ரவிக்கைத் துண்டும் ஜப்பான் முடிச்சும்

தாளே இல்லாமல் பரிசு சுற்றுவதில் ஜப்பான்காரர்கள் கெட்டி. ஃபுரோஷிகி என்ற சதுரத் துணியில் பொருளை வைத்து முடிச்சுப் போட்டுக் கொடுப்பார்கள். ‘ஃபுரோ’ என்றால் குளியல். குளிக்கப் போகும் இடத்தில் துணிமணியைக் கட்டி எடுத்துப் போன மூட்டைத் துணிதான் இப்படிப் பரிசுத் துணியாகிப் பெயரெடுத்தது. பிளாஸ்டிக் பை வந்ததும் அங்கேயும் அது மூலைக்குப் போனது. 2006-ல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கொய்கே, பழைய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து எடுத்த இழையில் ஒரு ஃபுரோஷிகியை உருவாக்கி மக்களுக்கு அதை நினைவுபடுத்தினார். கொரியாவில் இதற்கு போஜாகி என்று பெயர். தைத்து மிஞ்சிய துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுச் செய்யும் ரகம் அதில் தனி அழகு.

நம் வீட்டில் இதற்கு ஆளா இல்லை? பீரோவைத் திறந்தால் ரவிக்கைத் துண்டுகள்! நவராத்திரிக்கு வந்தது, கிரகப்பிரவேசத்துக்கு வந்தது, யார் கொடுத்தது என்றே தெரியாதது. நாலு வீடு சுற்றி, கொடுத்தவரிடமே திரும்பி வந்த துண்டுகளின் கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். அதையே பரிசைச் சுற்றும் துணியாக்கிவிட்டால், தனியாக ‘வெச்சுக் கொடுக்க’ வேண்டியதும் இல்லை.

துணியின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்து, அதில் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள பொருள்வரை வசதியாகக் கட்டலாம். 80 செ.மீ. சதுரம் என்றால் மூலைக்கு மூலை சுமார் 113 செ.மீ. ஆக, 37 செ.மீ. பெட்டிவரை தாங்கும். புடவைப் பெட்டிகளில் பலவும் இதற்குள் அடங்கிவிடும். துணியை மூலை உங்களைப் பார்க்கும்படி விரித்து, பெட்டியை நடுவில் வைத்து, எதிரெதிர் மூலைகள் இரண்டைப் பெட்டிமேல் கொண்டுவந்து மூடிவிட்டு, மற்ற இரண்டையும் அதன்மேல் முடியுங்கள். முதலில் வலது நுனி இடதின் மேல், அடுத்து இடது நுனி வலதின் மேல். இப்படிப் போட்டால் முடிச்சு அவிழாது, ஆனால் பிரிப்பது சுலபம். இரண்டு முறையும் வலதையே மேலே போட்டால் முடிச்சு கோணலாக நின்று நழுவும். பருத்தித் துணி நன்றாகப் பிடிக்கும். வழுக்கும் சாட்டின், பாலியெஸ்டர் துண்டுகளைத் தைத்துப் பையாக்கிக் கொள்வதே மேல். பழைய பட்டுப் புடவை நைந்து போயிருந்தாலும் ஜரிகைக் கரை நன்றாக இருக்கும். அதை நறுக்கி, ரிப்பனுக்குப் பதில் கட்டலாம். பழைய கரை என்றால் எந்தக் கடை ரிப்பனும் பக்கத்தில் நிற்க முடியாது.

செட்டிநாட்டில் விசேஷங்களுக்குப் பனை ஓலையில் முடைந்த கொட்டான்களில் பொருட்களை வைத்துக் கொடுப்பது பழைய வழக்கம். பரிசு தீர்ந்த பிறகும் கொட்டான் வீட்டில் பூவோ, பாக்கோ போட்டு வைக்க நிற்கும். சின்னப் பரிசுக்குத் தாளும் ரிப்பனும் வாங்குகிற காசை ஓர் ஓலைப் பெட்டிக்குக் கொடுத்தால், முடைகிறவர் கைக்கும் அது போய்ச் சேரும்.

துணியிலோ ஓலைப் பெட்டியிலோ வைத்துக் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ‘‘இதுவும் உங்களுக்குத்தான், வெச்சுக்குங்க’’ என்றோ, ‘‘துணியை மட்டும் அப்புறமா வாங்கிக்கிறேன்க்கா’’ என்றோ. சொல்லாவிட்டால் வாங்கியவர், திருப்பித் தரணுமா வேண்டாமா என்று தவிப்பார். பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை, ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். திரும்பி வரும் துணியின் மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு எலுமிச்சம்பழமோ, ஒரு முழம் மல்லியோ இருந்தாலும் இருக்கும்.