கடைசி நாலு சொம்பு

ஓசூரில் மார்கழிக் காலையில் குழாயைத் திறந்தால் விரல் விறைத்துப் போகும். கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்குச் சற்றுக் குறைவான உயரம் இது. கீழ் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரத்தில் வாங்குவது வாளியில் போடும் ஹீட்டர் கம்பி. இரண்டாம் மாதம், முடி கொட்டுகிறதென்று ஒரு ஷாம்பு. மூன்றாம் மாதம் வேறொரு ஷாம்பு. அதற்குள் முழங்கையிலும் கெண்டைக்காலிலும் தோல் வெளுத்து, நகத்தால் கீறினால் கோடு விழத் தொடங்கியிருக்கும்.

உடம்பும் மனசும் இளகுகிற மாதிரி வீட்டிலேயே குளிப்பது பற்றி எழுத வேண்டும் என்றதும், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து அத்தை வீட்டு ஹண்டேதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அத்தை வீட்டில் பேச்சு தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம். எண்ணெய் முழுக்கு, தலண்டு ஸ்நானம், எண்ணெ ஸ்நானா என்று குளியலுக்கு மூன்று பெயர் இருந்தாலும், வெந்நீர் போடும் செம்பு அண்டாவுக்குத் தெரு முழுக்க ஹண்டே என்று ஒரே பெயர்தான். நரக சதுர்த்தசிக்கு முந்தின மாலை எதிர்வீட்டில் 'நீரு தும்புவ ஹப்பா', அதாவது தண்ணீர் நிரப்பும் பண்டிகை. குளியலறையைக் கழுவிவிட்டு, ஹண்டேயைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, செம்மண்ணும் சுண்ணாம்பும் தீட்டி, பூவும் கொடியும் சுற்றி, புதுத்தண்ணீர் நிரப்பிக் கும்பிடுவார்கள். பட்சணத்துக்கும் பட்டாசுக்கும் முன்னால் தண்ணீருக்கு மரியாதை. அத்தையும் அதைப் பார்த்து எங்கள் ஹண்டேக்குக் குங்குமம் வைக்க ஆரம்பித்தாள்.

எண்ணெய் முழுக்கு ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்கு வெள்ளி. நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் பச்சரிசியும் போட்டுக் காய்ச்சி, அரிசி பொரிந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் உச்சி, பிடரி, முதுகு, உள்ளங்கால் என்று தேய்ப்பாள். அரைமணி நேரம் உட்கார வேண்டும். பிறகு வடித்த கஞ்சியில் கரைத்த அரப்பு. உசில மரத்து இலையைக் காயவைத்து இடித்த பொடி அது. இந்தப் பக்கத்து வறண்ட காடுகளில் அந்த மரத்துக்குப் பஞ்சமில்லை. எல்லாம் முடிந்ததும் மூலையில் மூடி வைத்திருந்த தொட்டியிலிருந்து நாலு சொம்பு மொண்டு தலையில் விடுவாள். "கண்ண மூடிக்கோ, இது வானத்துத் தண்ணி." அவ்வளவு வேலையும் செய்துவிட்டுக் கடைசியில் எதற்கு இந்த நாலு சொம்பு என்று அப்போது நான் கேட்டதில்லை.

இப்போது ஓசூரில் குளிக்கிற யாரிடமும் அந்தக் காரணத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கல்லை அறுத்து விற்கிறோம். அதன் வெடிப்புகளில் நிற்கும் நீரை உறிஞ்சிக் குளிக்கிறோம். ஆயிரம் அடி ஆழத்தில் நெடுங்காலம் பாறையோடு பாறையாகக் கிடந்த நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். அதைத்தான் உப்புத்தண்ணி, போர்த்தண்ணி என்கிறோம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின் குடிக்கிற தண்ணீருக்கு ஒரு வழி பிறந்தது. நிலத்தடி நீரிலிருந்த ஃபுளோரைடுக்குப் பயந்து கொண்டுவந்த திட்டம் அது. காவிரித் தண்ணீர் சமையலறைக் குடத்தோடு நின்றுவிட, குளியலறைக்குப் பழையபடி போர்த்தண்ணியும் லாரித் தண்ணியும்தான்.

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கால்சியம் மிகுந்த தண்ணீரில் பட்டதும் சோடியம் விலகி, கால்சியம் வந்து ஒட்டிக்கொண்டு, கரையாத வெள்ளைப் பிசுக்காகத் திரிந்துவிடுகிறது. வாளியின் உள்விளிம்பில் நகத்தால் சுரண்டினால் வருமே, அதுதான். வாளியில் படிவது தோலில் படியாதா? படிகிறது. நுரை வரவில்லை என்று இன்னும் சோப்பு, பிசுக்குப் போகவில்லை என்று இன்னும் சூடான தண்ணீர்; இரண்டும் சேர்ந்து தோல் தானாகச் சுரக்கும் எண்ணெயையும் துடைத்து எடுத்துவிடுகின்றன. ஷாம்பு, பாடிவாஷ் வகைகள் திரிவதில்லை, ஆனால் அவற்றிலுள்ள சல்பேட் கடின நீரில் கழுவும்போது தோலில் கூடுதலாகத் தங்குகிறது, அரிப்பைத் தூண்டுகிறது என்று ஷெஃபீல்டு, லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் காட்டினார்கள். இங்கிலாந்திலேயே 2011-ல் வெளியான இன்னொரு சோதனையில், தோலழற்சி உள்ள குழந்தைகளின் வீட்டில் நீரை மென்மையாக்கும் கருவி பொருத்தியும் நோய் கூடுதலாகக் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அரப்பிலும் சீயக்காயிலும் நுரைப்பது சபோனின். அது கால்சியத்தோடு சேர்ந்து திரியாது. எந்தத் தண்ணீரிலும் ஒரே மாதிரி அடக்கமாக நுரைத்து, அழுக்கை எடுத்துக்கொண்டு போய்விடும். முன்பே தேய்த்த எண்ணெயில் மெல்லிய ஒரு படலத்தை மட்டும் தோலில் விட்டுவைக்கும். இந்தக் கல் பூமியின் தண்ணீருக்கு ஏற்ற குளியலை வேதியியல் படிக்காதவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். முகப்பரு, பொடுகு உள்ளவர்கள் எண்ணெயைத் தலையிலும் முகத்திலும் தவிர்க்கச் சொல்கிறார்கள் தோல் மருத்துவர்கள், கேட்டுக்கொள்ளலாம்.

தொழிற்பேட்டையில் வேலை செய்கிற உடம்புக்கு வேறு கணக்கு. லேத், மில்லிங் ஓட்டுகிறவர்களின் கையில் நாள் முழுக்கக் கூலன்ட் வழிகிறது. விரலிடுக்கில் அரிப்பும் வெடிப்பும் இந்தத் தொழிலில் உலகமெங்கும் தெரிந்த உபாதை. ஷிப்டு முடிந்ததும் கிரீஸ் போகத் துணி சோப்புத்தூளையும் தின்னரையும் போட்டுத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கிரீஸ் எண்ணெயில் கரையும். ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயை இரண்டு கையிலும் நன்றாகப் பிசைந்து, பழந்துணியில் துடைத்து, பிறகு பாசிப்பயறு மாவு போட்டுக் கழுவினால் போதும். கழுவி ஈரம் காய்வதற்குள் மறுபடி இரண்டு சொட்டு எண்ணெய்.

சி ஷிப்டு முடித்துக் காலை ஏழு மணிக்கு வருகிறவர், தூக்கம் வரட்டும் என்று பச்சைத்தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டால் விழிப்புதான் வரும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, 40 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் பத்து நிமிடம் குளித்தால் தூக்கம் சீக்கிரம் பிடிக்கிறது என்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2019-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். வெந்நீர் கைகால்களுக்கு ரத்தத்தை இழுத்து வந்து, உள்சூட்டை வெளியேற்றிவிடுகிறது. அந்தச் சூடு இறங்கும்போது கண் சொக்குகிறது. எண்ணெய் தேய்த்த அன்று பகலில் தூங்கக்கூடாது என்பார்கள் பெரியவர்கள். ஆகவே சி ஷிப்டு வாரத்தில் வெறும் வெந்நீர், ஏ ஷிப்டு வாரத்தில் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் வீட்டில் சண்டை வராது. எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்யும் பெண்களுக்கு, விடுதியில் ஒரு வாளிக்கு மேல் கிடைக்காத நாளில், அரை வாளி வெந்நீரில் கணுக்கால் முங்க உட்கார்வதே பெரிய ஓய்வு. குளியல் தொட்டி ஒரு தரம் நிரம்ப 150 லிட்டராவது வேண்டும். இங்கே அது ஒரு குடும்பத்தின் குளியலுக்கு ஆகிற தண்ணீர்.

கேஸ் கீஸர் வைத்திருப்பவர்கள் அதைக் குளியலறைக்கு வெளியே மாற்றிவிடுங்கள். மூடிய அறையில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, மயக்கம் வந்துதான் தெரியும்.

தளர்வுக் குளியல் என்றாலே தொட்டியில் ரோஜா இதழ் மிதக்கும் படம் ஒன்று போடுவார்கள். ரோஜாவுக்கு ஓசூரில் குறைவில்லை. பாகலூர், பேரிகை, தளி பசுமைக் குடில்களிலிருந்து பிப்ரவரி 14-க்கு முன்னால் பெட்டி பெட்டியாக வெளிநாட்டுக்குப் போகிறது. ஆனால் அது ஜாடியில் வைக்க வளர்த்த பூ. இலைப்பேனுக்கும் சிலந்திப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் மருந்தடித்து வளர்த்த இதழை வெந்நீரில் ஊறப்போட்டு அதில் உட்காரச் சொல்ல என் கை எழுத மறுக்கிறது. பூ வேண்டுமென்றால் தொட்டியில் ஒரு பன்னீர் ரோஜா வளர்க்கலாம், சாலையோரத்து ஆவாரம்பூவை நிழலில் காயவைக்கலாம். எப்சம் உப்புப் பொட்டலமும் இப்போது மளிகைக் கடைவரை வந்துவிட்டது. மக்னீசியம் சல்பேட்தான் அது. ஏற்கெனவே மக்னீசியம் மண்டிய தண்ணீரில் இன்னும் அதையே காசு கொடுத்துக் கரைத்தால் சோப்பு இன்னும் மோசமாகத் திரியும்.

நுரைக் குளியல் கேட்பவர்களைக் கெலவரப்பள்ளி அணைக்கு ஒருமுறை கூட்டிப்போக ஆசை. நந்தி மலையில் பிறந்து பெங்களூரின் ஓரமாக வந்து சேரும் தென்பெண்ணை, மதகு திறக்கும் நாட்களில் அங்கே ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரையாகப் பொங்குகிறது. காற்றடித்தால் சாலைக்கும் வயலுக்கும் பறக்கிறது. கழிவுநீரோடு வந்து கலந்த சலவைத்தூளும் ஷாம்பும்தான் அதில் பெரும்பங்கு. வீடுகளிலிருந்து போனவை.

போர்த்தண்ணியின் உப்பை அலசி எடுக்கத்தான் அத்தையின் அந்த நாலு சொம்பு வானத்துத் தண்ணி. இந்த வட்டாரத்தில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. 500 சதுர அடித் தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் ஒரு மழை விழுந்தால், சிந்தியது சிதறியது போக 350 லிட்டர் பிடிக்கலாம். முதல் பத்து நிமிடத்து அழுக்குத் தண்ணீரை ஓடவிட்டு, பிறகு வருவதை வேட்டித்துணியில் வடிகட்டி டிரம்மில் பிடித்து, கொசு முட்டையிடாதபடி இறுக்கி மூடிவிட வேண்டும். முழுக்குளியலுக்கு அது காணாது. போர்த்தண்ணியில் குளித்துவிட்டு, கடைசி நாலு சொம்பு மட்டும் இதில் விட்டால் தோலிலும் முடியிலும் உப்பு தங்காது. ஒரு டிரம் ஒரு ஆளுக்குப் பல வாரம் வரும். மழை இல்லாத காலத்தில், போர்த்தண்ணியை நன்றாகக் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க அசையாமல் வைத்து, தெளிவை மட்டும் மொண்டு எடுக்கலாம். கடினத்தன்மையில் ஒரு பகுதி வெள்ளைப் படிவாக அடியில் தங்கிவிடும். ஹண்டேயின் அடியில் ஓடு கட்டியிருந்தது அதுதான்.

சந்தேகமிருப்பவர்கள் இரண்டு பாட்டில்களில் மழைத்தண்ணியும் போர்த்தண்ணியும் பாதி பாதி எடுத்து, துருவிய குளியல் சோப்பை ஒரே அளவு போட்டுக் குலுக்கிப் பாருங்கள். ஒன்று நுரைக்கும், மற்றது மோர் மாதிரி கலங்கும்.

போன மே மாதம் கோடை மழை கொட்டிய மறுநாள், மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டு வாசலில் இதை நேரிலேயே பார்த்தேன். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து ஓர் ஆண்டாக வேலை செய்கிற பெண் வாளி மேல் குனிந்து தலை அலசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கார அம்மா நீல டிரம்மைத் திறந்து சொம்பில் மொண்டு மொண்டு கொடுத்தார்.

"வழுவழுன்னே இருக்குதுக்கா. சோப்பு போகலயாட்டம் இருக்குது."

"எல்லாம் போயிருச்சு. மழத்தண்ணி அப்பிடித்தான் இருக்கும்."

"இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துக்கா."

"போதும் கண்ணு. பி ஷிப்டு முடிச்சிட்டு உன் ரூம்காரி வருவா, அவளுக்கு வேணும்" என்று அவர் டிரம்மை மூடி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.