மார்கழியில் சைக்கிள் எடுப்பவர்களுக்கு

மார்கழி விடியலில் திண்டுக்கல் தெருக்களில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து பூ மூட்டையுடன் டூவீலர்கள் மார்க்கெட்டுக்கு விரையும். பல வீடுகளில், பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள் சுவரோரம் சும்மா நிற்கும். அதை எடுத்தால் சிறுமலை அடிவாரம் போகலாம், ஆத்தூர் காமராசர் அணைப் பக்கம் போகலாம். மழை பெய்து பச்சை பிடித்திருக்கும் இந்தச் சமவெளியைப் பார்க்க இதைவிட நல்ல மாதம் கிடையாது.

ஏன் போவதில்லை என்று கேட்டால் குளிர் என்பார்கள். நம்மூர்க் குளிருக்கு ஒரு முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் போதும். பத்து நிமிடம் மிதித்தால் உடம்பு சூடாகிவிடும். உண்மையில் தடுப்பது சாலையைப் பற்றிய பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் வத்தலக்குண்டு, தேனி வழியாகக் குமுளிக்கு இரவு முழுக்க ஓடுகின்றன. தூங்காத டிரைவருக்குக் கண் சொக்குவது விடியலுக்குச் சற்று முன்புதான். அதே நேரத்தில்தான் வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் மேலே பனி கட்டி நிற்கும். மார்கழியில் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய ஆறரை மணி ஆகிறது. எனவே வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். எட்டரை வரை வெயில் உறைக்காத மாதம் இது. இருட்டில் போய் ஆகப்போவது ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் முந்தின இரவே நேரம் பேசி வைத்துவிட்டால், போர்வைக்குள் கிடக்க மனம் வராது.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் பக்தர்களின் பைகளில் போலீசார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஸ்டிக்கரைப் பின் மட்கார்டிலும் பெடலிலும் ஒட்டுங்கள். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும். கறுப்பு ஸ்வெட்டர் வேண்டாம். நடப்பவர்கள் எதிரே வண்டி வரும் பக்கம் நடக்கலாம். சைக்கிள் எப்போதும் இடப்பக்கம்தான்.

சிறுமலைக்கு ஏறுபவர்கள் 18 கொண்டை ஊசி வளைவுகளை மறக்கக்கூடாது. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. காட்டுமாடு சாலையில் நின்றால் தூரத்திலேயே இறங்கிக் காத்திருங்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வண்டி இடித்துவிட்டால்? சைக்கிள்காரருக்கு லைசென்ஸ் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, அதனால் நஷ்டஈடும் கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. சைக்கிளுக்கு அவை இரண்டும் தேவையே இல்லை. இடித்த மோட்டார் வாகனத்தின் இன்சூரன்ஸிலிருந்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். சட்டப்படி 6 மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டும்.

வண்டி நிற்காமல் போய்விட்டது, எண்ணும் தெரியவில்லை என்றாலும் வழி உண்டு. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசுத் திட்டத்தின்படி மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். மனுவைப் பற்றிக் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இந்த இரண்டு மனுக்களுக்கும் முதல் தகவல் அறிக்கை (எப்.ஐ.ஆர்.) வேண்டும். ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது அதற்கு ஈடாகாது. இது தெரியாமல் ரசீதோடு வீடு திரும்பி மாதங்களைத் தொலைத்தவர்கள் நிறைய. எப்.ஐ.ஆர். நகல் புகார் தந்தவருக்கு இலவசம். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பலாம். ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டு நகலையும் கேட்டு வாங்குங்கள்.

சிகிச்சைச் செலவை நினைத்து யாரும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலிலுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் திட்ட வரம்பு வரை அரசே பணம் தருகிறது. அடிபட்டவரைத் தூக்கிச் சென்றவரைப் போலீஸ் அலைக்கழிக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது.

குழியோ எரியாத தெருவிளக்கோ இருந்தால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் படத்துடன் மனு கொடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. ஆம்புலன்ஸுக்கு 108. இந்த எண்களோடு வீட்டார் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாளைக் காலை சைக்கிளை வெளியே எடுங்கள்.