பிட்ஸ்பர்கின் பனிக்காலச் சண்டை

பிட்ஸ்பர்கில் பேஸ்பால் ஆட்டம் செப்டம்பரோடு முடிந்துவிடும். ஆட்டத்தைப் பற்றிய சண்டை நவம்பரில்தான் சூடுபிடிக்கும். பிப்ரவரியில் வீரர்கள் பயிற்சிக்காக ஃப்ளோரிடாவின் பிராடென்டனுக்குக் கிளம்பும்வரை ஓயாது. மற்ற ஊர்களில் யாரை எவ்வளவு கொடுத்து எடுத்தோம் என்று பேசுவார்கள். எங்கள் ஊர் பைரேட்ஸ் ரசிகர்கள், ஏன் யாரையும் எடுக்கவில்லை என்று பேசுவார்கள்.

நான் கணக்குத் தணிக்கையில் பிழைப்பவன். பேஸ்பால் பைத்தியம் இங்கே குடிவந்தபின் ஒட்டிக்கொண்டது. ஒட்டவைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர். வாசல் பனியை வாரும்போதே ஆரம்பித்துவிடுவார். 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவுக்கு நியூயார்க் மெட்ஸ் 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் தருவதாகச் செய்தி வந்தது. "இந்தப் பணத்துக்கு வட்டி எவ்வளவோ, அதையாவது நம்ம முதலாளி செலவு பண்ணுவாரா?" என்று மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்தினார்.

அவர் கோபம் புரிய விதி தெரிந்திருக்க வேண்டும். பெரிய லீகில் 6 ஆண்டு ஆடி முடிக்கும்வரை ஒரு வீரர் தன் அணியின் பிடியிலேயே இருப்பார். முதல் 3 ஆண்டுக்குப் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும். 6 ஆண்டு ஆனதும் கட்டு அவிழும். அதிகம் கொடுப்பவரிடம் போகலாம். ஐபிஎல்லில் 2025 பெரிய ஏலத்துக்கு எல்லா அணிக்கும் ஒரே மாதிரி 120 கோடி ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். இங்கே அது இல்லை. அளவுக்கு மீறினால் வரி உண்டு, அவ்வளவுதான். இவ்வளவாவது செலவழித்தாக வேண்டும் என்ற கீழ்வரம்பும் கிடையாது. என்னைக் கேட்டால், உச்சவரம்பு இல்லாததைவிட இதுதான் கோளாறு. 2025-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸின் சம்பளப் பட்டியல் 30 கோடி டாலரைத் தாண்டியது. பைரேட்ஸின் பட்டியல் 10 கோடியைத் தொடவில்லை.

விளைவைப் பால் ஸ்கீன்ஸிடம் பார்க்கலாம். 2025-இல் நேஷனல் லீகின் சிறந்த பந்தெறியாளருக்கான சை யங் விருது அவருக்குத்தான். 9 இன்னிங்சுக்குச் சராசரியாக 1.97 ஓட்டம்தான் விட்டுக்கொடுத்தார். ஆனால் அவர் கணக்கில் 10 வெற்றி, 10 தோல்வி. அடித்து ஓட்டம் சேர்க்க ஆளில்லை என்றால் அவர் என்னதான் செய்வார்!

2007 முதல் அணியின் தலைமை உரிமையாளர் பாப் நட்டிங், பத்திரிகைத் தொழில் குடும்பத்துக்காரர். எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டார் என்பது ரசிகர்களின் தீர்ப்பு. தனியார் அணி என்பதால் வரவு செலவு வெளியே வராது. ஒருமுறை வந்தது: 2010-இல் கசிந்த கணக்கின்படி, 2007, 2008 இரண்டு ஆண்டிலும் சேர்த்து லாபம் சுமார் 2.9 கோடி டாலர். இரண்டு ஆண்டும் தன் பிரிவில் அணி கடைசி இடம். அந்தத் தாள்களை நான் தொழில் ஆர்வத்தோடு படித்தேன். தவறு ஒன்றும் இல்லை. தோற்றாலும் லாபம் வரும்படி லீகின் வருமானப் பங்கீடு இருக்கிறது. அவர் அதை வாங்கிக்கொள்கிறார்.

பெரியவருக்கு இந்த விளக்கம் பிடிக்காது. 2025-இல் சொந்த மைதானத்தின் முதல் ஆட்டத்தன்று 'அணியை விற்றுவிடு' என்ற பதாகையை இழுத்துக்கொண்டு சிறு விமானம் ஒன்று வட்டமிட்டதே, அவர் அந்தக் கட்சி. அதே மாதம் வலதுபக்கச் சுவரில் இருந்த 21 என்ற எண்ணை மறைத்து மதுபான விளம்பரம் வந்தது. 21 ராபர்டோ கிளெமென்டேயின் எண். சரியாக 3,000 ஹிட்கள் அடித்தவர்; 1972-இன் கடைசி நாளில், நிகராகுவாவின் நிலநடுக்கத்தில் தவித்தவர்களுக்கு நிவாரணம் கொண்டுபோன விமானம் கடலில் விழுந்து இறந்தார். அவர் நினைவாகவே அந்தச் சுவரை 21 அடி உயரத்தில் கட்டினார்கள். மகன் பகிரங்கமாகக் கேட்டபின் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு எண்ணைத் திரும்ப வைத்தது. 2015-இல் ஜாஷ் கிப்ஸன் முதலிய கறுப்பின லீக் வீரர்களின் சிலைகளை மைதானத்திலிருந்து எடுத்தபோதும் சத்தம் எழுந்தது, அவை திரும்பவில்லை. 2024-இல் அந்த லீகுகளின் கணக்கும் சேர்க்கப்பட்டு, .372 சராசரியோடு கிப்ஸன் பெரிய லீக் வரலாற்றிலேயே முதலிடத்துக்கு வந்தார்.

பெரியவருக்கு ஆறாத புண் 1992 அக்டோபர் 14. அட்லாண்டாவில் நேஷனல் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம்; ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் பைரேட்ஸ் 2-0 என்ற முன்னிலையோடு போனார்கள். கடைசி அடியில் பந்து இடப்பக்கம் போகிறது. பாரி பாண்ட்ஸ் எடுத்து எறிகிறார். ஓடிவருவது சிட் பிரீம், முன்னாள் பைரேட், முழங்கால் கெட்டுப்போன ஆள். அவர் காலை நீட்டிச் சறுக்கி முந்திவிடுகிறார்; ஆட்டம் அட்லாண்டாவுக்கு. பெரியவர் இதை மண்வெட்டியோடு நடித்தே காட்டுவார், வழுக்கி விழாமல் இருக்க வேண்டுமே என்று எனக்குப் பதறும். பாண்ட்ஸ் அந்தப் பனிக்காலமே 4.375 கோடி டாலருக்கு சான் ஃப்ரான்சிஸ்கோ போனார். அடுத்த 20 சீசனும் பைரேட்ஸுக்கு வெற்றியைவிடத் தோல்விதான் அதிகம்.

"அன்றைக்குப் பணம் கொடுத்திருந்தால்" என்று அவர் தொடங்கினால் நான் டேவ் பார்க்கரை எடுப்பேன். 1978-இன் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றவர். 1979-இல் ஆண்டுக்குச் சராசரி 10 லட்சம் டாலர் என்று பைரேட்ஸ் அவருக்கு அள்ளிக் கொடுத்தது. அந்த ஆண்டே கோப்பையும் வந்தது. அடுத்த ஆண்டு ஆட்டம் சற்றுத் தளர்ந்ததும் சொந்த ஊர்க்காரர்களே அவர் மேல் பேட்டரிக் கட்டை எறிந்தார்கள். புகழ்மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2025 ஜூலையில்தான். அதற்கு ஒரு மாதம் முன்பே, பார்க்கின்ஸன் நோயோடு போராடி இறந்துபோனார். முதலாளி கஞ்சன் என்கிறோம், சரி. கொடுத்த காலத்தில் வாங்கியவரை நாம் வைத்திருந்த அழகு இது.

"நான் எறியவில்லை" என்பார் பெரியவர். நம்புகிறேன்.

இப்போதைய சண்டை 2026 டிசம்பர் 1-ஐப் பற்றியது. முதலாளிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் உள்ள ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. உச்சவரம்பு வந்தால் எல்லாம் சரியாகும் என்பது அவர் கட்சி. கீழ்வரம்பு இல்லாமல் அது முதலாளிகளின் பையைத்தான் நிரப்பும் என்பது என் கட்சி. ஸ்கீன்ஸின் கட்டு 2029 சீசனோடு அவிழ்கிறது என்பதில் மட்டும் எங்களுக்குள் தகராறு இல்லை.