கேமரா பேட்டரி பாதியிலேயே காலியாகுதா? புதுசு வாங்கும் முன் இரண்டு ராத்திரி சோதித்துப் பாருங்கள்

கொங்கு பக்கத்துக் கல்யாணம் என்றால் ஒரு தாலி கட்டும் காட்சியோடு முடிந்துவிடாது. முந்தைய நாளே சீர்கள் தொடங்கிவிடும். இணைச்சீர் முடிந்து, அருமைக்காரர் முன்னின்று நடத்தும் சடங்குகள் ஒவ்வொன்றாக நகர்ந்து, மங்கல வாழ்த்து பாடி முடிக்கும்போது பல மணி நேரம் ஓடியிருக்கும். இதில் எதையும் ‘இன்னொரு தடவை பண்ணுங்க’ என்று கேட்க முடியாது. அந்த நேரம் பார்த்து கேமரா திரையில் சிவப்பு பேட்டரி மின்னினால் என்ன ஆகும் என்று படம் எடுப்பவர்களுக்குத்தான் தெரியும்.

‘நைட்டு ஃபுல் சார்ஜ் போட்டேனுங்க, பத்து மணிக்கே செத்துப் போச்சுங்க’ என்பது கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கேமரா வைத்திருப்பவர்களிடம் சாதாரணமாகக் கேட்கும் புலம்பல். வார இறுதியில் சிங்காநல்லூர் குளத்துக்கும், திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கும், ஈரோடு வெள்ளோடு சரணாலயத்துக்கும் பறவை பார்க்கப் போகும் ஐ.டி. ஊழியர்களுக்கும் இதே பிரச்சினைதான்.

பெரும்பாலானோர் உடனே செய்வது, புது பேட்டரி வாங்குவது. சில நேரம் அது சரியான தீர்வு. பல நேரம் ஒரு செட்டிங்கை மாற்றினாலே போதும். எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

முதலில், உங்கள் எதிர்பார்ப்பு சரியா?

கேமரா பெட்டியில் ‘ஒரு சார்ஜுக்கு இத்தனை படங்கள்’ என்று ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் அது ஜப்பானின் கேமரா நிறுவனங்கள் சங்கமான ‘சிஐபிஏ’ வகுத்த சோதனை முறையில் கிடைத்த எண். சுமார் 23 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், 30 விநாடிக்கு ஒரு படம். கேமராவிலேயே ஃபிளாஷ் இருந்தால் ஒரு படம் விட்டு ஒரு படத்துக்கு அது அடிக்கும். 10 படத்துக்கு ஒரு முறை கேமராவை ஆஃப் செய்து ஆன் செய்வார்கள்.

நிஜத்தில் யாரும் அப்படி எடுப்பதில்லை. தொடர்ச்சியாக ‘படபட’வென எடுத்தால் அந்த எண்ணைவிட அதிகமாகவே கிடைக்கும். ஒவ்வொரு படத்தையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், வீடியோவும் எடுத்தால், குறையும். ஆகவே இரண்டு கேமராக்களை ஒப்பிட மட்டுமே அந்த எண் உதவும்.

பழைய டிஎஸ்எல்ஆரிலிருந்து மிரர்லெஸ்ஸுக்கு மாறியவர்களுக்கு இங்கேதான் அதிர்ச்சி. டிஎஸ்எல்ஆரில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கண்ணாடி வழியாக வேலை செய்வது. அதற்கு மின்சாரம் அதிகம் தேவையில்லை. மிரர்லெஸ்ஸில் நீங்கள் பார்ப்பதே ஒரு குட்டித் திரை. ஷட்டரை அழுத்தாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலும் சென்சார், பிராசசர், திரை மூன்றும் ஓடும்.

வித்தியாசம் எவ்வளவு? கேனான் 5டி மார்க் 4 கேமராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே பேட்டரியில் வியூஃபைண்டர் வழியாக எடுத்தால் சுமார் 900 படம். திரையைப் பார்த்து எடுத்தால் சுமார் 300 படம்தான். மூன்றில் ஒரு பங்கு! அதனால் மிரர்லெஸ் கேமரா 350 படத்தில் நின்றால் அது பழுது இல்லை. அந்த கேமராவின் இயல்பே அதுதான்.

ஆனால் போன மாசம் வரை 500 படம் வந்த கேமரா இப்போது 150-லேயே நிற்கிறது என்றால், தேட வேண்டியது இருக்கிறது.

குற்றவாளி யார்? இரண்டு ராத்திரி டெஸ்ட்

சந்தேகப் பட்டியலில் மூன்றே பேர்: பேட்டரி, செட்டிங், கேமரா பாடி. இவர்களைப் பிரித்துப் பார்க்க செலவே இல்லாத ஒரு வழி உண்டு.

முதல் ராத்திரி: பேட்டரியை முழுசாக சார்ஜ் செய்து, கேமராவில் போட்டு எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெளியே எடுத்து மேஜையில் வையுங்கள். காலையில் மறுபடியும் போட்டுப் பாருங்கள். நல்ல லித்தியம் அயான் பேட்டரி சும்மா இருக்கும்போது மாசத்துக்கே சில சதவீதம்தான் இழக்கும். ஒரே ராத்திரியில் கணிசமாக இறங்கியிருந்தால் பேட்டரிதான் கெட்டுவிட்டது.

இரண்டாம் ராத்திரி: மீண்டும் முழு சார்ஜ். இந்த முறை பேட்டரி கேமராவுக்குள்ளேயே இருக்கட்டும், கேமரா ஆஃபில். காலையில் இறங்கியிருந்தால், ஆஃப் செய்த பிறகும் கேமரா எதையோ ஓட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது புளூடூத் அல்லது ஜிபிஎஸ். இரண்டையும் நிறுத்திவிட்டு மூன்றாவது ராத்திரியும் சோதியுங்கள். அப்போதும் இறங்கினால் உள்ளே சர்க்யூட்டில் கோளாறு. சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

இரண்டு ராத்திரியும் பேட்டரி அப்படியே நின்று, எடுக்கும்போது மட்டும் வேகமாகக் காலியானால்? அதே மாடல் கேமரா வைத்திருக்கும் நண்பரிடம் நன்றாக வேலை செய்யும் பேட்டரியை ஒருநாள் கடன் வாங்குங்கள். உங்கள் கேமராவில் அது நின்று பேசினால், உங்கள் பேட்டரிக்கு வயசாகிவிட்டது. அதுவும் சீக்கிரம் தீர்ந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது செட்டிங்.

சத்தமில்லாமல் சார்ஜைத் தின்னும் செட்டிங்குகள்

• புளூடூத், வைஃபை: போனோடு எப்போதும் இணைந்திருக்கும் வசதி சில கேமராக்களில் ஆஃப் செய்த பிறகும் வேலை செய்யும். நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ், ஆஃபான பிறகும் படங்களைப் போனுக்கு அனுப்பும் வாய்ப்பைத் தருகிறது. தேவைப்படும்போது மட்டும் ஆன் செய்யுங்கள். ஏரோபிளேன் மோட் இருந்தால் இன்னும் எளிது.

• ஜிபிஎஸ்: கேனான் 7டி மார்க் 2, 5டி மார்க் 4 போன்றவற்றில் ஜிபிஎஸ் ‘மோட் 1’-இல் இருந்தால், கேமராவை ஆஃப் செய்தாலும் குறிப்பிட்ட இடைவெளியில் சிக்னல் தேடும். ‘மோட் 2’-க்கு மாற்றினால் ஆஃபோடு அதுவும் நின்றுவிடும்.

• ஓயாத ஆட்டோஃபோகஸ்: ஷட்டரைத் தொடாமலேயே லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? சோனியில் ‘ப்ரீ-ஏஎஃப்’, கேனானில் ‘ப்ரிவ்யூ ஏஎஃப்’ அல்லது ‘கன்டினியூயஸ் ஏஎஃப்’ என்று இருக்கும். நிறுத்திவிடலாம்.

• பைக்குள் விழித்திருக்கும் கேமரா: மிரர்லெஸ்ஸின் வியூஃபைண்டர் பக்கத்தில் ஒரு கண் சென்சார் உண்டு. கேமராவை ஆஃப் செய்யாமல் பையில் போட்டால், ஸ்ட்ராப்போ துணியோ அதை மறைத்து, ‘யாரோ பார்க்கிறார்கள்’ என்று கேமரா நினைத்துக்கொள்ளும். பைக்குள் ஷட்டர் பட்டன் அழுந்தினாலும் இதே கதைதான்.

• ஆட்டோ பவர் ஆஃப்: 30 நிமிடம் அல்லது ‘எப்போதும் வேண்டாம்’ என்று இருந்தால், ஒரு நிமிடத்துக்குக் கொண்டு வாருங்கள். ஷட்டரைத் தொட்டால் உடனே எழுந்துவிடும்.

• திரை வெளிச்சம், பட ரிவ்யூ: வெயிலில் கூட்டிய வெளிச்சத்தை மண்டபத்துக்குள் வந்ததும் குறையுங்கள். எடுத்த ஒவ்வொரு படத்தையும் தானாகக் காட்டும் ரிவ்யூவை இரண்டு விநாடியாகச் சுருக்குங்கள்.

கல்யாண வேலையில் இவற்றில் ஒன்றை மட்டும் யோசித்துத்தான் நிறுத்த வேண்டும்: ஸ்டெபிலைசேஷன். அதுவும் சார்ஜ் குடிக்கும். ஆனால் மங்கலான வெளிச்சத்தில் அதை நிறுத்திப் படம் ஷேக் ஆனால், மிச்சம் பிடித்த சார்ஜுக்குப் பிரயோஜனம் இல்லை. டிரைபாடில் வைக்கும்போது நிறுத்தினால் போதும்.

பேட்டரிக்கு வயசாகிவிட்டதா? கேமராவே சொல்லும்

லித்தியம் அயான் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முழுச் சுழற்சி வரை நன்றாக உழைக்கும். பாதி பாதியாக இரண்டு தடவை சார்ஜ் செய்தால் அது ஒரு சுழற்சி. அதன் பிறகு கொள்ளளவு மெல்லக் குறையும்.

கேனானின் பல மாடல்களில் ‘பேட்டரி இன்ஃபோ’ மெனுவில் மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றும் பச்சையாக இருந்தால் ஆரோக்கியம். சிவப்பு என்றால் மாற்றும் நேரம். நிக்கானின் பல மாடல்களில் ‘பேட்டரி ஏஜ்’ 0 முதல் 4 வரை காட்டும். 0 புதுசு, 4 ஓய்வுபெறும் வயசு. எல்லா கேமராவிலும் இந்த வசதி இல்லை.

மெனு இல்லாவிட்டாலும் ஓர் அறிகுறி இருக்கிறது. 60 சதவீதம் காட்டிய பேட்டரி, ஃபிளாஷ் அடித்ததும் அல்லது வீடியோவைத் தொடங்கியதும் திடீரென 10-க்கு விழுகிறதா? வயசான பேட்டரியில் உள் மின்தடை கூடிவிடும். கேமரா ஒரே நேரத்தில் அதிக மின்சாரம் கேட்டால் வோல்டேஜ் சரிந்துவிடும். சார்ஜ் இருந்தும் கொடுக்க முடியாத நிலை அது.

மாற்றுவதற்கு முன் இன்னொன்றும் பாருங்கள்: பேட்டரியிலும் கேமராவிலும் உள்ள உலோக முனைகள். வியர்வையும் தூசியும் படிந்திருந்தால் உலர்ந்த, சுத்தமான துணியால் துடையுங்கள். சுரண்டக் கூடாது.

ஊட்டியில் இறங்குவது ஏன், ஈரோட்டில் கெடுவது ஏன்?

கோவையில் கிளம்பும்போது முழு சார்ஜ். டிசம்பர் விடியலில் ஊட்டி உறைபனியைப் படம் எடுக்கப் போனால் கொஞ்ச நேரத்தில் ‘லோ பேட்டரி’. இது பழுது அல்ல. குளிரில் பேட்டரிக்குள் அயனிகள் நகர்வது மந்தமாகிறது, மின்தடை கூடுகிறது, வோல்டேஜ் இறங்குகிறது. கேமரா அதைக் ‘காலி’ என்று புரிந்துகொள்கிறது.

அந்த பேட்டரியைத் தூக்கிப்போட வேண்டாம். சட்டையின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வையுங்கள். இழந்ததாக நினைத்த சார்ஜில் ஒரு பகுதி திரும்ப வரும். இரண்டு பேட்டரி வைத்து மாற்றி மாற்றிச் சூடேற்றுவது மலைப்பகுதியில் படம் எடுப்பவர்களின் பழைய உத்தி.

வெயில் இதற்கு நேர்மாறு. குளிர் தற்காலிகமாகத்தான் படுத்தும், சூடோ நிரந்தரமாகக் கெடுக்கும். 40 டிகிரியைத் தாண்டும் ஈரோடு, கரூர் கோடையில், பூட்டிய காருக்குள் கேமரா பையை விட்டுப் போவதுதான் பேட்டரி ஆயுளுக்கு முதல் எதிரி. முழு சார்ஜோடு சூட்டில் இருந்தால் இன்னும் வேகமாக வயசாகும். மாசக்கணக்கில் எடுத்துவைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில், கேமராவிலிருந்து கழற்றி, வீட்டில் குளுமையான இடத்தில் வைப்பது நல்லது.

விலை குறைவு, எண் பெரிசு: உஷார்

கேனானின் எல்பி-இ6என்எச் பேட்டரியின் கொள்ளளவு 2130 எம்ஏஎச். சோனியின் என்பி-எஃப்இசட்100, 2280 எம்ஏஎச். அதே அளவு பெட்டிக்குள் 3500 எம்ஏஎச் என்று ஒருவர் கால்வாசி விலைக்கு விற்றால், அந்த எண்ணை நம்ப வேண்டாம். அந்த இடத்துக்குள் அவ்வளவு அடைப்பது நடக்கிற காரியமில்லை.

மூன்றாம் தரப்பு பேட்டரி எல்லாமே மோசம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இந்தியாவில் விற்கப்படும் லித்தியம் பேட்டரிகளுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் பதிவு எண்ணும் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள், பில் கேளுங்கள். பேட்டரி கொஞ்சம் உப்பியிருந்தாலும், கேமராவிலிருந்து எடுக்கும்போது இறுக்கமாக வந்தாலும், அதை மறுபடியும் சார்ஜ் போடக் கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. குப்பைத் தொட்டியிலும் வேண்டாம். 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் தனியாகச் சேகரிப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

பீரோவிலிருந்து எடுத்த பழைய டிஜிட்டல் கேமராவுக்கு…

இப்போது 2000-களின் குட்டி டிஜிட்டல் கேமராக்களுக்கு மறுபடி மவுசு. அவற்றில் பல ஏஏ செல்லில் ஓடுபவை. சாதாரண செல் போட்டால் சில படத்திலேயே நின்றுவிடும். அவ்வளவு மின்சாரத்தைச் சட்டெனக் கொடுக்க அதனால் முடியாது. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போடுங்கள். பேட்டரி மாற்றும்போதெல்லாம் தேதி அழிந்தால், அது உள்ளே கடிகாரத்துக்கென இருக்கும் தனி செல்லின் பிரச்சினை. அதற்கும் சார்ஜ் இறங்குவதற்கும் பொதுவாகச் சம்பந்தமில்லை.

முகூர்த்த நாளுக்கு முன்

எல்லா பேட்டரிக்கும் மார்க்கரில் 1, 2, 3 என்று எண் போடுங்கள். எது சீக்கிரம் படுக்கிறது என்பது இரண்டு மூன்று நிகழ்ச்சியிலேயே தெரிந்துவிடும். பலவீனமானதைச் சாப்பாட்டுப் பந்திக்கும் அலங்காரப் படங்களுக்கும் பயன்படுத்தி, நல்லதைத் தாலி கட்டும் நேரத்துக்கு வையுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் முன்பே, 40 சதவீதம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். லித்தியம் பேட்டரியை முழுக்கக் காலியாக்கித்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். இதற்கு அது தேவையில்லை.

விமானத்தில் போவதாக இருந்தால், கூடுதல் பேட்டரிகளைக் கையில் கொண்டுபோகும் பையில்தான் வைக்க வேண்டும், முனைகளை மூடி. கேமரா பேட்டரிகள் சுமார் 16 வாட்-ஹவர்தான். 100 வாட்-ஹவர் வரம்புக்கு மிகக் கீழே.