ரெய்டு நடந்த மறுநாள் வரும் கோடிகள்

ஒரு நிறுவனத்துக்குள் நுழைந்து தேடவும், கிடைத்ததைக் கைப்பற்றவும் வருமான வரித்துறைக்கு அதிகாரம் தந்தது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 132ஆவது பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதே அதிகாரம் 247ஆவது பிரிவில் இருக்கிறது. இதற்கு நீதிமன்ற வாரண்ட் தேவையில்லை. கணக்கில் காட்டாத பணமோ சொத்தோ இருப்பதாக நம்பக் காரணம் உண்டு என்று துறையின் மூத்த அதிகாரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும். அந்தக் காரணத்தைச் சோதனைக்கு ஆளானவரிடம் மட்டுமல்ல, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது.

இவ்வளவு பெரிய அதிகாரம் அரசியல் சட்டத்துக்கு முரணாகாதா என்ற கேள்வி முன்பே எழுந்தது. 1973இல் பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் முரணில்லை என்றது. சோதனையே முறைகேடாக நடந்திருந்தாலும் அதில் சிக்கிய ஆவணத்தை வரி விதிக்கப் பயன்படுத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. துறைக்கு இதைவிடப் பெரிய பலம் வேறில்லை.

செய்திகளில் எல்லாமே ‘ரெய்டு’தான். சட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வீடு, அலுவலகம், லாக்கர் என எங்கும் தேடக்கூடிய சோதனை. மற்றொன்று, தொழில் நடக்கும் இடத்தில் வேலை நேரத்தில் மட்டும் நுழையக்கூடிய ஆய்வு. ஆய்வுக்கு வந்தவர்கள் ரொக்கத்தையோ சரக்கையோ எடுத்துச் செல்ல முடியாது. 2023 பிப்ரவரியில் பிபிசியின் டெல்லி, மும்பை அலுவலகங்களில் மூன்று நாள் நடந்தது ஆய்வுதான். மக்கள் மனத்தில் பதிந்தது ரெய்டு.

சோதனை பெரும்பாலும் விடிந்ததும் தொடங்கும். உள்ளே இருப்பவர்கள் வெளியே போகவோ போன் பேசவோ முடியாதபடி கட்டுப்பாடு வரும். அக்கம்பக்கத்தைச் சேர்ந்த இருவராவது சாட்சியாக இருக்க, கைப்பற்றியதெல்லாம் மகஜரில் ஏறும். உரிமையாளரிடம் சத்தியப் பிரமாணத்தின் பேரில் வாக்குமூலம் வாங்கப்படும். இரண்டு மூன்று நாள் தூக்கமின்றி இருந்தவர் கடைசியில் ஒரு தொகையை ‘ஒப்புக்கொள்வது’ வழக்கமாகிப்போனதால், அப்படி ஒப்புதல் வாங்க முயலக் கூடாது, ஆதாரம் திரட்டுவதில் கவனம் வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியமே 2003 மார்ச்சில் சுற்றறிக்கை அனுப்பியது. 2014இல் அதை மறுபடி நினைவூட்ட வேண்டி வந்தது என்பதிலிருந்தே முதல் சுற்றறிக்கை எவ்வளவு மதிக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இப்படித் திரட்டிய தகவல் வெளியே போகலாமா? 1961ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் கண்டிப்பாகவே இருந்தது. வரி செலுத்துபவர் பற்றித் துறை அறிந்த எதையும் வெளியிடக் கூடாது என்றது அதன் 137ஆவது பிரிவு. 1964இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. அதன்பின் 138ஆவது பிரிவின்படி, பொதுநலன் கருதி ஆணையர் தகவல் தரலாம். எதை வெளியிடக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டுத் தடுக்கலாம். அந்தத் தடையை மீறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் வரை சிறை என்றது அதே சட்டத்தின் 280ஆவது பிரிவு. ஆனால் வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும். கசிவால் பயன் பெறுவதே அரசாக இருக்கும்போது, அந்த அனுமதியை யார் கேட்பது, யார் கொடுப்பது?

நடைமுறையில் தகவல் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று அதிகாரபூர்வ அறிக்கை. 2020 பிப்ரவரி 5 அன்று ‘பிகில்’ படத்தின் தயாரிப்பாளர், நாயகன், விநியோகஸ்தர், பைனான்சியர் ஆகியோரின் இடங்களில் நடந்த சோதனை இதற்கு நல்ல உதாரணம். சென்னை, மதுரை உட்பட 38 இடங்கள். மறுநாள் வெளியான அறிக்கையில் ஒருவர் பெயரும் இல்லை. ‘அண்மையில் வெற்றி பெற்ற ஒரு தமிழ்ப் படம்’, ‘ஒரு பிரபல நடிகர்’ என்றுதான் இருந்தது. நெய்வேலி படப்பிடிப்பிலிருந்து நாயகன் விஜய் அழைத்துச் செல்லப்பட்டதை அதற்குள் தமிழ்நாடே டிவியில் பார்த்துவிட்டது. பெயரைச் சொல்லாமல் விட்டதில் சட்டம் காப்பாற்றப்பட்டது. யாருடைய மானமும் காப்பாற்றப்படவில்லை.

அந்த அறிக்கையில் இரண்டு தொகைகள் இருந்தன. கைப்பற்றிய ரொக்கம் சுமார் 77 கோடி ரூபாய். மறைக்கப்பட்ட வருமானம் 300 கோடியைத் தாண்டலாம் என்பது மதிப்பீடு. முதலாவது எண்ணிப் பார்த்த பணம். இரண்டாவது, துண்டுச் சீட்டுகளையும் கணினிக் கோப்புகளையும் வைத்து அதிகாரிகள் போட்ட கணக்கு. தலைப்புச் செய்தியில் இரண்டுக்கும் ஒரே எடை. மதிப்பீட்டை வரியாக்க, வரி நிர்ணய ஆணை வர வேண்டும்; அதற்கு மாதக்கணக்காகும். பிறகு மேல்முறையீடு, தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம். அங்கே தொகை குறைந்தாலோ ரத்தானாலோ பெரும்பாலும் அது ஒரு பத்திச் செய்திகூட ஆவதில்லை.

இரண்டாவது வழி, ‘வருமான வரித்துறை வட்டாரங்கள்’. கட்டுக்கட்டாக அடுக்கிய நோட்டுகளின் போட்டோ, டைரிப் பக்கத்தின் நகல், வாக்குமூலத்தின் ஒரு வரி எல்லாம் இந்த வழியில்தான் வருகின்றன. கசியவிடுபவருக்குப் பல நோக்கங்கள் இருக்கலாம். சோதனை வீண் இல்லை என்று காட்ட வேண்டும். பேச மறுப்பவரைப் பயமுறுத்த வேண்டும். மேலிடத்துக்கு ஓர் அரசியல் சேதி தேவைப்படலாம். சில நேரம் கசிவு தொழில் போட்டியாளரிடமிருந்தோ, பாதி உண்மையை முந்திக்கொண்டு சொல்ல நினைக்கும் நிறுவனத்திடமிருந்தோகூட வரும். நிருபருக்கோ பிரத்யேகச் செய்தி. மறுத்து எழுதினால் அடுத்த தடவை போன் வராது.

கசிவெல்லாம் கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா தடை செய்யப்பட்டிருந்தது. 2016 ஜூலையில் சென்னையில் ஒரு குட்கா நிறுவனத்தில் வருமான வரிச் சோதனை நடந்தபோது, அமைச்சர் முதல் போலீஸ் உயரதிகாரிகள் வரை மாமூல் கொடுத்ததாகச் சொல்லும் கணக்குக் குறிப்புகள் சிக்கின. துறை மாநில அரசுக்கு எழுதியது, ஒன்றும் நகரவில்லை. 2017இல் அந்த ஆவணங்கள் ஊடகங்களில் வெளியான பிறகே விஷயம் வெடித்தது. 2018 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை சிபிஐயிடம் ஒப்படைத்தது. துறைக்குள்ளிருந்து காகிதம் வெளியே வராமல் இருந்திருந்தால் அந்த உத்தரவும் வந்திருக்காது.

2010இல் வெளியான, பெருநிறுவனங்களின் இடைத்தரகர் நீரா ராடியாவின் தொலைபேசி ஒலிப்பதிவுகள் இரண்டு பக்கமும் நிற்பவை. வரித்துறை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்த உரையாடல்கள் பத்திரிகைகளில் வந்தன. தொழிலதிபர்கள், அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள் ஆகியோருக்கிடையிலான நெருக்கம் நாட்டுக்குத் தெரிந்தது. கூடவே வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத பேச்சும் தெருவுக்கு வந்தது. தன் அந்தரங்கம் மீறப்பட்டதாக ரத்தன் டாடா உச்ச நீதிமன்றம் சென்றார்.

அண்மைக் காலத்தில் வருமான வரித்துறையைவிட அமலாக்கத் துறையின் அறிக்கைகள்தான் அதிகப் பரபரப்பாகின்றன. 2025 மார்ச் 6 முதல் 8 வரை டாஸ்மாக் தலைமை அலுவலகத்தில் சோதனை நடந்தது. 13ஆம் தேதி, கணக்கில் வராத பணம் 1,000 கோடி ரூபாய் என்று அறிக்கை வந்தது. தமிழ்நாடு அரசின் எதிர்ப்பை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் மே 22 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு இடைக்காலத் தடை விதித்து, அமலாக்கத் துறை எல்லை மீறுவதாகக் கண்டித்தது. 1,000 கோடி அதற்குள் அரசியல் மேடைகளில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது.

புதிய வருமான வரிச் சட்டம் மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு, இணையச் சேமிப்பு ஆகியவற்றைத் திறந்து பார்க்கும் அதிகாரத்தையும் வெளிப்படையாகத் தருகிறது. இனிக் கசியக்கூடியது கணக்குப் புத்தகம் மட்டுமல்ல, ஒரு மனிதரின் மொத்தக் கடிதப் போக்குவரத்தும்தான். ஆகவே துறை செய்ய வேண்டியது ஒன்று உண்டு: சோதனை நடந்த மறுநாள் ஒரு தொகையை அறிவித்தால், வழக்கு முடிந்ததும் இறுதியில் நின்ற தொகையையும் அதே போல் அறிக்கையாக வெளியிட வேண்டும். பத்திரிகைகளும் ரெய்டுச் செய்தி வந்த அதே பக்கத்தில் அதைப் போட வேண்டும்.