பன்றித் தீவனத்தில் கடைசி மருந்து

வேறெந்த மருந்துக்கும் மசியாத கிருமிக்கு மருத்துவர்கள் கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்துகளில் ஒன்று கோலிஸ்டின். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் மனிதருக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். சீனாவிலோ, பன்றிகள் சீக்கிரம் கொழுக்கட்டும் என்று அதைத் தீவனத்தில் டன் கணக்கில் கலந்துவந்தார்கள்!

விளைவு 2015 நவம்பரில் வெளியே வந்தது. ஷாங்காய் பண்ணைப் பன்றி ஒன்றிடம் கிடைத்த ஈ.கோலை பாக்டீரியாவில், கோலிஸ்டினை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு இருந்தது. அது உட்கார்ந்திருந்த இடம்தான் வில்லங்கம்: பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையம். பக்கத்திலிருக்கும் வேறு இனக் கிருமிக்கும் இது சுலபமாகக் கைமாறும். சோதித்த பன்றிகளில் நூற்றுக்கு 21-இலும், இறைச்சி மாதிரிகளில் நூற்றுக்கு 15-இலும் இந்த மரபணு கிடைத்தது. நோயாளிகள் சிலரிடமும் இருந்தது.

பண்ணை எருவும் கழிவுநீரும் வயலுக்கும் ஆற்றுக்கும் போனால் கிருமியும் கூடவே போகும். போதாததற்கு அதைச் சுமந்து பரப்ப ஈக்கள் வேறு.

2017-இல் சீனா, வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதைத் தடைசெய்தது. சில ஆண்டுகளிலேயே பன்றிகளிடம் இந்த எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. இந்தியாவிலும் உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டின் தர 2019 ஜூலையிலிருந்து தடை இருக்கிறது.